அடுத்த சீசனுக்கு 14 பழைய கார்கள்: எத்தனை ரவுண்டு வைக்கலாம்?

ஆகஸ்ட் 3, காலை. கேள்வி: கோவை_1100

எங்கள் கிளப்பில் ஓடுகிற நிலையில் 14 வண்டி இருக்கு. பிரீமியர் பத்மினி 6, ஸ்டாண்டர்டு ஹெரால்டு 3, அம்பாசடர் 2, மாருதி 800 மூணு. வர்ற ஜனவரியில் ஆரம்பித்து மாசம் ஒன்றாக 5 ரவுண்டு (ரேஸ் வார இறுதி) நடத்தலாம் என்று கமிட்டியில் பேச்சு. மூணு சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில், ரெண்டு கோவை கரி ஸ்பீட்வேயில். ஒவ்வொரு ரேஸும் 10 சுற்று. 5 ரவுண்டு இருந்தால்தான் ஸ்பான்சர் பேசவே வருவார்கள் என்கிறார்கள். டிராக் வாடகை, என்ட்ரி ஃபீஸ் எல்லாம் கணக்குப் போட்டாச்சு. வேறு என்ன பார்க்கணும்?

ஆகஸ்ட் 3, இரவு. பட்டறைக்காரர்

5 ரவுண்டு வேண்டாம். முதல் ரவுண்டுக்கு 14 வண்டியும் வரும். அதில் எத்தனை இரண்டாவதுக்கும் வரும் என்பதை வைத்துத்தான் பழைய கார் சீசனுக்குக் கணக்குப் போட வேண்டும்.

ஞாயிறு மாலை ஒரு பத்மினியில் பிக் எண்ட் பேரிங் (கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் இடம்) சத்தம் போட ஆரம்பிக்கிறது என்று வையுங்கள். திங்கள் லாரியில் ஊர் போகும். இன்ஜின் இறக்கி, கிராங்கை அளந்து பார்க்க அந்த வாரம் முடிந்துவிடும். கிராங்க் கிரைண்டிங் போட்டால் அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் வேண்டும். சென்னைப் புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ 20 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு) கிடைக்கும், உங்களுக்குத் தேவை 30 ஆக இருக்கும். பேரிங் கைக்கு வரும் முன் கிராங்கைக் கிரைண்ட் பண்ணவே கூடாது. பேரிங் வந்தபின் லேத்து, அசெம்பிளி, பிறகு ரன்னிங் இன், அதாவது புது பாகம் பழக மெதுவாக ஓட்டுவது. எல்லாம் ஒழுங்காக நடந்தாலே 5 வாரம். மாதம் ஒரு ரவுண்டு என்றால் அந்த வண்டி அடுத்த ரவுண்டுக்கு வராது. அதற்கடுத்ததற்கு ஓனருக்கு மனசு வராது. 14 என்பது 8 ஆகி, கடைசி ரவுண்டில் 5 வண்டிக்கு ஒரு முழு டிராக்கை வாடகைக்கு எடுத்து நிற்பீர்கள்.

இரண்டு ரவுண்டுக்கு நடுவில் குறைந்தது 7 வாரம் விடுங்கள். மற்ற முடிவெல்லாம் இதைப் பொறுத்துத்தான்.

ஆகஸ்ட் 4. பட்டறைக்காரர்

10 சுற்றும் வேண்டாம். இருங்காட்டுக்கோட்டை முழுச் சுற்று 3.717 கிமீ. சராசரி 80 கிமீ வேகம் என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு 2 நிமிடம் 47 நொடி. 10 சுற்று என்றால் 28 நிமிடம். பத்மினிக்கு நான்கு வீலிலும் டிரம் பிரேக், பூஸ்டர் கிடையாது. டிரம் சூடேறினால் விரிந்து ஷூவை விட்டு விலகும், பெடல் கீழே இறங்கும். லைனிங்கும் சூட்டில் பிடிப்பை இழக்கும். இரண்டும் சேர்ந்து வருவதால் டிரைவருக்கு முன்னறிவிப்பு மிகக் குறைவு. 6 சுற்று போதும். 16 நிமிடம் 42 நொடி. கரியில் 2.1 கிமீ சுற்று, வளைவுகள் நெருக்கம், பிரேக் ஆற நேரமில்லை. அங்கே 8 சுற்று.

ரேஸைச் சின்னதாக்கி எண்ணிக்கையைக் கூட்டுங்கள். ஒரு வார இறுதிக்கு மூன்று ஸ்பிரின்ட் (குட்டி ரேஸ்). ரவுண்டு இரண்டு போதும், ஆனால் ரேஸ் 6 கிடைக்கும். ஸ்பான்சரிடம் “6 ரேஸ்” என்று சொல்லலாம், அது உண்மையும்கூட. புள்ளி கணக்கில் 6 ரேஸில் சிறந்த 4 மட்டும் எடுங்கள். ஒரு ஸ்பிரின்ட்டில் இக்னிஷன் கண்டென்சர் போய் நின்றவர், சீசன் முடிந்தது என்று நினைத்து வண்டியை வீட்டில் போட்டுவிடக் கூடாது.

ஆகஸ்ட் 4, சற்று நேரம் கழித்து. பட்டறைக்காரர்

பிரேக் ஆயில் பற்றி விட்டுப்போனது. டாட் 3 புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில் கொதிக்க வேண்டும் என்பது குறைந்தபட்ச அளவு, ஈரம் ஏறியபின் 140. டாட் 4க்கு 230, 155. டாட் 4 கட்டாயம் என்று விதியிலேயே எழுதுங்கள். ஒவ்வொரு ரவுண்டுக்கும் முன் முழுவதும் மாற்றி ப்ளீட் செய்ததாக (லைனில் காற்றை வெளியேற்றியதாக) ஓனர் கையெழுத்து வாங்குங்கள். கடலோர ஊரில் நிற்கிற வண்டியில் ஒரு மழைக்காலம் போதும், ஆயில் ஈரம் குடிக்க. டாட் 5 சிலிக்கான் ஆயிலை இதோடு கலக்கவே கூடாது. எண் அடுத்தது என்பதால் மேலானது என்று நினைத்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் டாட் 5 தடை என்று தனியாக ஒரு வரி போடுங்கள்.

ஆகஸ்ட் 6. பட்டறைக்காரர்

காலண்டர். சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஏப்ரல் முதல் ஜூன் வரை வெயில். பழைய மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் இன்ஜின் பிளாக்கிலேயே உட்கார்ந்திருப்பதால் பெட்ரோல் லைனிலேயே ஆவியாகும், கிரிட்டில் (ஸ்டார்ட் வரிசையில்) நிற்கும்போதே வண்டி இறந்துவிடும். ஜூலைக்குப் பிறகு தேசியப் போட்டிகளுக்கு டிராக் தேவைப்படும். மிச்சம் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்.

அதிலும் பொங்கல் வாரத்தைத் தொடாதீர்கள். லேத்து பூட்டியிருக்கும், லாரி டிரைவர் ஊருக்குப் போயிருப்பார். மார்ச் கடைசி வேண்டாம். கொடி பிடிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் கல்லூரி மாணவர்கள், செமஸ்டர் நெருங்கும்.

என் யோசனை: ஜனவரி கடைசி வாரம் இருங்காட்டுக்கோட்டை, மார்ச் நடுவில் கரி. நடுவே சரியாக 7 வாரம் வரும். மழை மாதங்கள் வீண் இல்லை. அக்டோபரில் பட்டறைக்கே போய் முதல் சோதனை, டிசம்பர் முதல் வாரத்தில் இரண்டாவது. டிராக்கில் காலை 7 மணிக்கு வெல்டிங் குறை கண்டுபிடித்து என்ன பயன்? அக்டோபரில் கண்டுபிடித்தால் சரி செய்ய மூன்று மாதம் இருக்கிறது.

இன்னொன்று. இந்திய மோட்டார் ரேஸ் அமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. தரும் போட்டி லைசென்ஸ் காலண்டர் ஆண்டுக்கு உரியது. ஜனவரியில் ரேஸ் என்றால் 14 டிரைவருக்கும் ஒரே நேரத்தில் புது வருட லைசென்ஸும் மருத்துவச் சான்றும் வேண்டும். இதை ஒரு ஆள் பொறுப்பில் விடுங்கள். ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் போட்டால் கடைசி வாரத்தில் நான்கு பேருடையது வந்திருக்காது.

ஆகஸ்ட் 9. ஹெரால்டு_தாம்பரம் கேட்டது

ஹெரால்டை அபாயமான வண்டி என்று கமிட்டிகள் ஒதுக்குகின்றன. வண்டலூரில் செய்த வண்டி, நம்ம ஊர் வண்டி. அதற்கு இடம் உண்டா?

ஆகஸ்ட் 9. பட்டறைக்காரர்

கண்டிப்பாக உண்டு. ஆனால் மூன்று இடம் பார்த்தபின்.

முதலாவது முன் வீலின் டிரன்னியன். வெண்கலத் துண்டில் எஃகுத் திருகு ஏறி நிற்கும் மூட்டு அது. அதற்கு 90 கியர் ஆயில்தான் போட வேண்டும். நிப்பிள் இருப்பதால் கிரீஸ் கன்னை எடுத்து அடித்துவிடுகிறார்கள். கிரீஸ் கெட்டியாகி வழியை அடைக்கும், உள்ளே தண்ணீர் தங்கும், திருகு துருப்பிடித்து ஒருநாள் வளைவில் ஒடியும். வீல் மடிந்து வண்டி முகம் குப்புற உட்காரும். கிரீஸ் கன்னிலேயே ஆயில் நிரப்பி, கீழே சுத்தமான ஆயில் கசியும்வரை அடிக்க வேண்டும். ஒவ்வொரு ரவுண்டுக்கும் முன். இதுவரை கிரீஸ் போட்ட வண்டி என்றால் கழற்றித் திருகைப் பார்க்காமல் ஓட விடாதீர்கள்.

இரண்டாவது பின் ஹாஃப் ஷாஃப்ட், வீலைச் சுழற்றும் தண்டு. ஹப் உட்காரும் கூம்பில், கீ வே மூலையில் விரிசல் தொடங்கும். ஒடிந்தால் வீலோடு ஹப்பும் சேர்ந்து கழன்று ஓடும். கண்ணால் பார்த்துத் தெரியாது. டை பெனட்ரன்ட் டப்பா மூன்று வாங்குங்கள்: கிளீனர், சிவப்புச் சாயம், வெள்ளை டெவலப்பர். கிரீஸ் சுத்தமாகத் துடைத்து, சாயம் அடித்து 15 நிமிடம் விட்டு, துடைத்து, வெள்ளை அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாக எழும்பும். மூன்று ஹெரால்டுக்கும் ஒரே நாளில் முடியும். ஹப்பைக் கழற்ற நல்ல புல்லர் வேண்டும். சுத்தியால் அடித்துக் கழற்றினால் அந்த அடியே அடுத்த விரிசலுக்கு வழி.

மூன்றாவது பின் ஸ்விங் ஆக்சில். வளைவில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் எழும்பி வெளி வீல் உள்ளே மடியும். குறுக்கு லீஃப் ஸ்பிரிங்கைத் தாழ்த்தி, வீலுக்கு 2 டிகிரி அளவில் நெகட்டிவ் கேம்பர் (வீலின் மேல்பக்கம் உள்ளே சாய்வது) வைத்தால் பெருமளவு அடங்கும். கேம்பரை டிரைவர் உட்கார்ந்திருக்கும்போது, பாதி டாங்க் பெட்ரோலோடு அளக்க வேண்டும். வெறும் வண்டியில் அளந்தது செல்லாது.

ஆகஸ்ட் 12. பட்டறைக்காரர்

கிளாஸ் எப்படிப் பிரிப்பது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். பலரும் 1100 சிசி என்று வெட்டுகிறார்கள். அது பத்மினிக்கு அநியாயம். பத்மினி 68 போர், 75 ஸ்ட்ரோக், 1089 சிசி. இன்று ஸ்டாண்டர்ட் போரில் இருக்கும் இன்ஜின் அபூர்வம். சிலிண்டரைக் கடைந்து ஒரு மில்லிமீட்டர் ஓவர்சைஸ் போட்டாலே 1122. ஒன்றரை மில்லிமீட்டர் போனால் 1138. ஆகவே எல்லையை 1150 என்று வையுங்கள். 2 மில்லிமீட்டர் போனவர் 1154 ஆகி வெளியே போவார். அவ்வளவு தூரம் போன பிளாக்கில் சுவர் மெலிந்திருக்கும், அதை ரேஸில் விடாமல் இருப்பதே நல்லது.

1200 வைத்தால் பிரச்சினை. நிஸான் ஏ12 இன்ஜின் வைத்த பிரீமியர் 118என்இ 1171 சிசி. அது உள்ளே வந்தால் பத்மினி ஓனர்கள் இரண்டாவது ரவுண்டுக்கு வரமாட்டார்கள்.

ஆக: 850 வரை ஒரு கிளாஸ், 851 முதல் 1150 வரை ஒன்று, 1151 முதல் 1600 வரை ஒன்று, அதற்கு மேல் ஒன்று. அம்பாசடரில் கவனம். பி சீரிஸ் இன்ஜின் 1489, பிறகு வந்த இசுசு 1817. வெளியே பார்த்தால் ஒரே வண்டி. கான்டெஸாவிலும் இதே கதை. பானட்டைத் திறந்து இன்ஜின் நம்பர் எழுதிக்கொண்டபின் கிளாஸ் கொடுங்கள்.

ஆகஸ்ட் 12. கோவை_1100

மாருதி 800 கிளாசிக்கா என்று கமிட்டியில் பெரிய சண்டை.

ஆகஸ்ட் 13. பட்டறைக்காரர்

கிளாசிக்தான். முதல் 800 மாடலான எஸ்எஸ்80 வந்தது 1983. உலக மோட்டார் ரேஸ் அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் பழைய கார் விதியான அப்பென்டிக்ஸ் கே காலங்களை எழுத்தால் பிரிக்கிறது. 1947 முதல் 1961 வரை இ, 1962 முதல் 1965 வரை எஃப் என்று போய், 1982 முதல் 1990 வரை ஜே. 1986ல் வந்த இரண்டாம் உடம்பும் அதற்குள் அடக்கம். “1990க்குள் அறிமுகமான மாடல், கார்புரேட்டர் இன்ஜின்” என்று இரண்டு நிபந்தனை போதும். தயாரித்த வருடத்தைக் கேட்காதீர்கள். 800 2014 வரை வந்தது, பத்மினி ஏறக்குறைய 2000 வரை. 1998ல் செய்த பத்மினி தோற்றத்திலும் ஓட்டத்திலும் பழைய வண்டிதான்.

உங்களுக்கு வேறு காரணமும் இருக்கிறது. 800க்கு இன்றும் எல்லா ஊரிலும் பாகம் கிடைக்கும். மூன்று 800உம் எல்லா ரேஸிலும் நிற்கும். கிரிட் வற்றாமல் காப்பது அவைதான். பிரிட்டனில் 750 மோட்டார் கிளப் 1939ல் ஆஸ்டின் 7ஐ வைத்துத் தொடங்கியது. மலிவு, ஏராளம், பாகம் எங்கும் கிடைக்கும் என்பதால் அந்தக் கார். அந்த கிளப் இன்றும் ரேஸ் நடத்துகிறது. நமக்கு அந்த இடத்தில் 800 இருக்கிறது.

ஆகஸ்ட் 17. பட்டறைக்காரர்

இன்ஜின் அளவு தகராறுக்குக் குறுக்கு வழி: சீல். ஹெட் போல்ட் ஒன்றிலும் சம்ப் (இன்ஜின் அடி ஆயில் தொட்டி) போல்ட் ஒன்றிலும் 1.5 மிமீ துளை போட்டு, கம்பி கோர்த்து ஈயச் சீல். டிசம்பர் சோதனையில் ஹெட் இறக்கியிருக்கும்போதே போரை அளந்து சீல் வையுங்கள். சீல் உடையாதவரை அந்த வண்டி மேல் புகார் எடுக்க வேண்டாம். ரேஸ் முடிந்து மாலை 6 மணிக்கு ஒருவர் புகாரில் இன்னொருவர் ஹெட்டை இறக்குகிற காட்சி ஒரு கிளப்பை இரண்டாக உடைக்கப் போதுமானது.

ஆகஸ்ட் 20. பட்டறைக்காரர்

தனி மெசேஜில் ஒருவர் கேட்டதை இங்கேயே எழுதுகிறேன், பலருக்கும் தேவைப்படும். 1968 ஃபியட்டுக்கு விண்டேஜ் வண்டிகளுக்கான விஏ நம்பர் எடுத்திருக்கிறார், ரேஸில் விடலாமா?

விடாதீர்கள். 2021ல் வந்த விதிப்படி 50 வருடம் தாண்டிய, அசல் வடிவில் இருக்கிற வண்டிக்குத்தான் விஏ பதிவு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடத்துக்குச் செல்லும். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருந்தால் தகுதி போகும். ரோல் கேஜ் வெல்ட் செய்து, பின் சீட்டை எடுத்து, தடுப்புத் தகடு அடித்த வண்டியை அசல் என்று யார் ஒத்துக்கொள்வார்கள்? அந்த வண்டியைக் காட்சிச் சுற்றுக்கு வரச் சொல்லுங்கள், ஹெல்மெட்டோடு, முந்தல் இல்லாமல், இரண்டு சுற்று. ரேஸுக்கு வேறு ஒரு பாடி ஷெல் எடுங்கள்.

சாதாரண மோட்டார் இன்சூரன்ஸ் பாலிசி ரேஸை ஏற்காது. கிளப் எடுக்கிற நிகழ்ச்சி பாலிசியில் மூன்றாம் நபர், டிரைவர், மார்ஷல் மூவரும் இருக்கிறார்களா என்று படித்துப் பாருங்கள். மார்ஷலைத்தான் வழக்கமாக மறப்பார்கள்.

ஆகஸ்ட் 24. பட்டறைக்காரர்

ரோல் கேஜ். எஃப்.ஐ.ஏ. அளவு: டிரைவர் பின்னால் வளைகிற முக்கிய வளையத்துக்கு 45 மிமீ விட்டம், 2.5 மிமீ கனம், அல்லது 50க்கு 2. மற்ற குழாய்கள் 38க்கு 2.5, அல்லது 40க்கு 2. சீம்லெஸ், கோல்டு டிரான், இழுவிசை வலிமை குறைந்தது 350 மெகாபாஸ்கல். ஹார்டுவேர் கடையில் கேட்டால் கொடுப்பது சீம் உள்ள ஈஆர்டபிள்யூ பைப். வளைக்கும்போதே தையல் வாயைத் திறக்கும். உள்ளே விரலை விட்டுத் தடவினால் தையல் தெரியும். பில்லோடு மில் சர்டிபிகேட்டும் கேளுங்கள்.

ஒவ்வொரு காலுக்கும் 3 மிமீ கனம், 120 சதுர சென்டிமீட்டர் பரப்பில் தகடு. போல்ட் என்றால் எம்8, 8.8 கிரேடு, காலுக்கு மூன்று. இதைவிட முக்கியம், அந்தத் தகடு எதன்மேல் உட்காருகிறது என்பது. பத்மினி தரையில் சில் ஓரம் துரு தின்றிருக்கும், மேலே பிட்டுமன் பூசி மறைத்திருப்பார்கள். ஸ்க்ரூ டிரைவர் நுனியால் குத்திப் பாருங்கள். பிட்டுமனைச் சுரண்டாத வண்டியில் கேஜைச் சோதிப்பதே வீண்.

ஹெரால்டுக்குத் தனிச் சேஸிஸ், உடம்பு மேலே போல்ட்டில் நிற்கிறது. கேஜின் கால் சேஸிஸ் வரை இறங்க வேண்டும். தரைத் தகட்டோடு நின்றால் புரளும்போது உடம்பும் கேஜும் சேர்ந்து சேஸிஸை விட்டுப் போகும்.

பின் சீட்டை எடுத்ததும் டிக்கிக்கும் கேபினுக்கும் நடுவே ஒன்றும் இல்லாமல் போகிறது. அங்கே முழுத் தகடு அடித்து ஓரம் சீல் செய்யுங்கள். தீ கேபினுக்குள் வர எடுக்கிற நேரம்தான் டிரைவர் பெல்ட்டைக் கழற்றி இறங்கக் கிடைக்கிற நேரம்.

ஆகஸ்ட் 31. பட்டறைக்காரர்

ஒரு நாள் டைம்டேபிளைக் கெடுப்பது ஆயில். பழைய இன்ஜின் பிரீதர் (புகை வெளியேறும் குழாய்) வழியாக ஆயில் துப்பும். வளைவில் தொடர்ந்து சாயும்போது இன்னும் அதிகம். எல்லா பிரீதரும் ஒரு கேட்ச் டாங்குக்கு. 2000 சிசி வரை 2 லிட்டர், மேலே 3 லிட்டர். பெட் பாட்டிலை ஒயரால் கட்டிக்கொண்டு வருவார்கள், விடாதீர்கள். ஹோஸ் சூட்டில் அது உருகும். தகர டாங்க், அளவு தெரிய ஒரு கண்ணாடிக் குழாய்.

சம்ப் டிரெயின் போல்ட், ஆயில் ஃபில்டர், கியர் பாக்ஸ் டிரெயின், டிஃபரென்ஷியல் பிளக் எல்லாவற்றுக்கும் லாக் ஒயர். ஒரு போல்ட் கழன்றால் இரண்டு வளைவுக்கு ஆயில் பட்டை. சிமென்ட் தூள் கொட்டி, துடைப்பத்தால் தேய்த்து, கூட்டி அள்ள 20 நிமிடம். 50 கிலோ மூட்டை நான்கு, கடினத் துடைப்பம் ஆறு, மார்ஷல் போஸ்ட்களுக்கு நடுவில் பிரித்து வையுங்கள். பிட்டில் ஒரே இடத்தில் குவித்து வைத்தால் கொண்டு போகவே 10 நிமிடம்.

ஒரு ஸ்பிரின்ட்டுக்கு உண்மையான நேரம்: ஃபார்மேஷன் சுற்றும் கிரிட்டும் 8 நிமிடம், ரேஸ் 17, ஆறும் சுற்று 4, நின்ற வண்டியை இழுத்து வர 10. மொத்தம் 39. இரண்டு ஸ்பிரின்ட்டுக்கு நடுவில் 75 நிமிடமாவது வேண்டும், டிரம் ஆற, டேப்பட் பார்க்க, பாயிண்ட் கேப் பார்க்க. அதனால் ஒரே நாளில் மூன்றையும் திணிக்காதீர்கள். சனி காலை சோதனை, பிராக்டிஸ், குவாலிஃபையிங், மாலை 4 மணிக்கு முதல் ஸ்பிரின்ட். ஞாயிறு காலை 9க்கு இரண்டாவது, மாலை 3.30க்கு மூன்றாவது. நடுவெயில் முழுவதும் பட்டறை வேலைக்கு.

செப்டம்பர் 5. மார்ஷல்_ஆரஞ்சு

கொடிப் பக்கம் இருந்து ஒன்று. பழைய காரில் எங்களுக்கு அதிகம் தேவைப்படுவது ஆரஞ்சு வட்டம் போட்ட கருப்புக் கொடி. சைலன்சர் தொங்குகிறது, ஆயில் ஒழுகுகிறது, கதவு திறந்திருக்கிறது என்றால் அந்த நம்பரோடு காட்டுவோம். டிரைவர் அடுத்த சுற்றிலேயே பிட்டுக்கு வரணும். இதை பிரீஃபிங்கில் சொல்லாமல் விட்டால், தகுதி நீக்கம் என்று நினைத்துக் கோபத்தில் ஓட்டுவார்கள். கார் நம்பர் தெளிவாக இருக்கணும். குரோம் பம்பர் பக்கம் ஸ்டைலாக சின்ன எழுத்தில் எழுதினால் எங்களுக்குத் தெரியாது.

செப்டம்பர் 5. பட்டறைக்காரர்

மிகச் சரி. கதவில் வெள்ளை வட்டம், கருப்பு எண். அதோடு மெயின் கட் ஆஃப் சுவிட்ச் வெளியிலிருந்து இழுக்கிற மாதிரி, பக்கம் 12 செமீ உள்ள நீல முக்கோணத்தில் சிவப்பு மின்னல். முன்னும் பின்னும் இழுவைக் கொக்கி, மஞ்சளோ சிவப்போ அடித்தது. மழை பெய்தபோது பெட்ரோல் மூடியைத் தேடுவது போல மார்ஷல் கொக்கியைத் தேடக் கூடாது.

ஹெல்மெட்டில் ஸ்னெல் எஸ்ஏ அல்லது எஃப்.ஐ.ஏ. குறி. எம் குறி உள்ளது பைக்குக்கானது, உள் துணி தீ தாங்காது. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019ன் 23வது வாரம். 6 வருடம் தாண்டியது வேண்டாம், பட்டன் எவ்வளவு இருந்தாலும். ரீட்ரெட் கூடாது. ரிம்மில் போல்ட் துளைகளைச் சுற்றி பெயின்ட்டைச் சுரண்டி விரிசல் பாருங்கள்.

செப்டம்பர் 10. பட்டறைக்காரர்

கார்புரேட்டர் ஜெட் (பெட்ரோல் பாயும் சின்னத் துளை) பற்றி. பங்கில் கிடைப்பது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் சேர்ந்தால் அதே காற்றுக்கு அதிக எரிபொருள் வேண்டும், 8 சதவீதம் அளவில். பழைய ஜெட்டோடு ஓடினால் லீன் ஆகி (பெட்ரோல் குறைந்து), முழு ஆக்சிலரேட்டரில் பிஸ்டன் தலை வெந்து போகும். ஜெட்டின் எண் துளை விட்டம், பாய்வது அதன் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே 8 சதவீதத்துக்கு விட்டம் 4 சதவீதம் போதும். 120 ஜெட் இருந்தால் 125. பிறகு பிளக் பார்த்து முடிவு செய்யுங்கள். முழு வேகத்தில் இன்ஜினை அணைத்து உருண்டு வந்து கழற்றிப் பார்க்க வேண்டும். ஐடிலில் ஓடியபின் பார்த்த பிளக் எதையும் சொல்லாது.

பழைய ரப்பர் ஹோஸ் உப்பிக் கரையும். ஃபில்டரில் கருப்புத் துகள் கண்டால் ஹோஸ் எல்லாமே மாற்றுங்கள், ஃப்ளூரோ ரப்பர் லைனர் உள்ளதாக. வார இறுதி முடிந்ததும் டாங்க், ஃப்ளோட் சேம்பர் இரண்டையும் வடியுங்கள். 7 வாரம் நின்றால் சோலெக்ஸ் கார்புரேட்டரின் சின்னத் துளையெல்லாம் அடைந்திருக்கும்.

வெயிலுக்குப் பயந்து எலக்ட்ரிக் பம்ப் போடுகிறவர்கள், டாங்க் பக்கத்தில் வையுங்கள், அழுத்தம் 3 பிஎஸ்ஐ அளவில். இன்றைய இன்ஜெக்ஷன் பம்பைப் போட்டால் நீடில் வால்வைத் தள்ளி பெட்ரோல் மேனிஃபோல்டில் வழியும். கூடவே இனெர்ஷியா கட் ஆஃப் கட்டாயம், மோதலுக்குப் பிறகு பம்ப் ஓடிக்கொண்டே இருக்கக் கூடாது.

அம்பாசடர் பி சீரிஸ் ஹெட் வார்ப்பிரும்பு. ஈயமில்லாப் பெட்ரோலில் நீண்ட நேரம் முழு வேகம் போனால் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுக்குள் அமிழும், டேப்பட் கேப் தானாகக் குறையும். ஒவ்வொரு ஸ்பிரின்ட்டுக்குப் பிறகும் கேப் அளந்து எழுதி வையுங்கள். தொடர்ந்து குறைந்தால் கடின சீட் அடிக்காமல் வழியில்லை.

செப்டம்பர் 14. கோவை_1100

இரண்டு அம்பாசடரும் கடைசியில் தனியாக ஓடுமே. அவர்களுக்கு என்ன ஆர்வம் இருக்கும்?

செப்டம்பர் 14. பட்டறைக்காரர்

மூன்றாவது ஸ்பிரின்ட்டை ஹேண்டிகேப் ஆக்குங்கள், மெதுவான வண்டி முன்கூட்டியே கிளம்பட்டும். குவாலிஃபையிங்கில் 800 ஒன்று 2:35, பத்மினி 2:47, அம்பாசடர் 2:55 என்றால், அம்பாசடர் முதலில் கிளம்பும். 8 நொடி வித்தியாசம், 6 சுற்று, 48 நொடி கழித்து பத்மினி. அதிலிருந்து 72 நொடி கழித்து 800. கணக்குப்படி எல்லாரும் கடைசிச் சுற்றில் ஒன்றாக வந்து சேர்வார்கள். கிரிட்டில் நிறுத்தாமல் பிட் வாசலிலிருந்து ஒவ்வொன்றாக அனுப்புங்கள்.

ஏமாற்று வரும்: குவாலிஃபையிங்கில் மெதுவாக ஓட்டுவார்கள். முதல் இரண்டு ஸ்பிரின்ட்டின் சிறந்த சுற்றையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஹேண்டிகேப்பில் தன் அடிப்படை நேரத்தைவிட ஒரு நொடிக்கு மேல் வேகமாக ஓடினால், அப்படி ஓடிய ஒவ்வொரு சுற்றுக்கும் 5 நொடி தண்டனை. முந்துகிறவரின் வேக வித்தியாசம் அதிகம் என்பதால் நீலக் கொடி (பின்னால் வேகமான வண்டி வருகிறது) பற்றி பிரீஃபிங்கில் இரண்டு முறை சொல்லுங்கள்.

செப்டம்பர் 18. பட்டறைக்காரர்

கொஞ்சம் விலகிப் போகிறேன். சோழவரம் விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ரேஸ் நடத்திய காலத்து வண்டிகள் பல இன்னும் ஷெட்டுகளில் இருக்கின்றன. ரேஸ் கார் வடிவமைப்பாளர் கரிவர்தன் 1980களின் கடைசியில் கொண்டுவந்த ஃபார்முலா மாருதி ஒற்றை சீட் கார்கள் இன்னும் முக்கியம். 800 இன்ஜின், குழாய்ச் சட்டகம். நரேன் கார்த்திகேயன் ஓட்டத் தொடங்கியது அவற்றில்தான். இரண்டு மூன்றைக் கண்டுபிடித்தால் கரிவர்தன் பெயர் தாங்கிய கரி டிராக்கில் காட்சிச் சுற்று விடுங்கள். ரேஸ் வேண்டாம், சட்டகக் குழாய் உள்ளேயே துருப்பிடித்திருக்கும். வெல்ட் மூட்டுகளை டை போட்டுப் பார்த்தபின் அடுத்த வருடம் யோசிக்கலாம். பழைய உரிமையாளர்களிடம் ஹோமோலகேஷன் (ரேஸ் அங்கீகார) காகிதம், போட்டோ, அளவு எழுதிய நோட்டு எது இருந்தாலும் நகல் எடுங்கள். வண்டியைவிட அது வேகமாக அழிகிறது.

செப்டம்பர் 21. பட்டறைக்காரர்

பணம். 14 என்ட்ரி என்று வைத்து ஃபீஸ் வகுத்திருக்கிறீர்கள். 10 வந்தால் 29 சதவீதம் துண்டு விழும், டிராக் வாடகை, ஆம்புலன்ஸ், இன்சூரன்ஸ் எதுவும் குறையாது. 10ஆல் வகுங்கள். இரண்டு ரவுண்டுக்கும் சேர்த்து நவம்பரிலேயே வாங்குங்கள், முன்பணம் கட்டியவர் இன்ஜினைச் சரிசெய்து வருவார். ரவுண்டுக்கு ரவுண்டு கட்டச் சொன்னால் வராமல் இருக்கக் காரணம் நிறைய கிடைக்கும். மிஞ்சினால் பொது ஸ்பேர் பெட்டிக்குப் போகட்டும்.

ஆகஸ்ட் 3ல் 7 வாரம் என்று எழுதியதை இந்தப் பெட்டி 5 ஆக்காது. ஆனால் ஒரே வார இறுதிக்குள் வண்டியைத் திரும்ப ஓட வைக்கும். பத்மினிக்கு ஹெட் கேஸ்கெட் 2, பாயிண்ட் செட் 4, கண்டென்சர் 6, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும் ரோட்டரும் 2, வீல் சிலிண்டர் ஒரு செட், லைனிங் ஒட்டிய ஷூ ஒரு செட், கிளட்ச் பிளேட் 1, வாட்டர் பம்ப் 1, ஃபேன் பெல்ட் 3. கண்டென்சர்தான் சூட்டில் முதலில் போகும், புதிதாக வாங்கியதும் போகும், அதனால் ஆறு. ஹெரால்டுக்கு ஹாஃப் ஷாஃப்ட் ஒன்றும் டிரன்னியன் இரண்டும் தேட இப்போதே ஆரம்பியுங்கள். யார் எதை எடுத்தாலும் நோட்டில் எழுதி, அடுத்த ரவுண்டுக்குள் அதே பாகத்தை வாங்கித் திரும்ப வைக்க வேண்டும். பணமாகத் தரக் கூடாது, கடையில் அந்தப் பாகம் அதற்குள் தீர்ந்திருக்கும்.

செப்டம்பர் 22. கோவை_1100

கமிட்டி இரண்டு ரவுண்டுக்கு ஒத்துக்கொண்டது. முதல் பட்டறைச் சோதனை அக்டோபர் இரண்டாம் ஞாயிறு. ஸ்க்ரூ டிரைவரும் டை டப்பாவும் வாங்கியாச்சு.

செப்டம்பர் 22. பட்டறைக்காரர்

ஹெரால்டுகளை முதலில் பாருங்கள். ஷாஃப்ட்டில் கோடு எழுந்தால் மாற்று தேட அவற்றுக்குத்தான் அதிக நாள் பிடிக்கும். ஹப் புல்லரை முந்தின நாளே ஒரு வண்டியில் மாட்டி, திருகு சுற்றுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.